திணையும் திண்ணையும்

பொருள்வயிற் பிரிவு என்பது தமிழ் அகப்பொருளில் ஆழ வேரூன்றிய ஒரு துறை. ஓதுதற் பொருட்டும், பகையின் பொருட்டும், தூதின் பொருட்டும், பொருளின் பொருட்டும் தலைமகன் தலைமகளைப் பிரிந்து செல்வான். அவன் நடக்கும் வழி வெங்காடு. அவள் இருக்கும் இடம் வெறும் வீடு. அகநானூற்றின் 400 பாட்டுக்களில் சரிபாதியாகிய 200 பாட்டுக்கள் பாலைத்திணைக்கு உரியன. இதனை ஓதுந்தோறும் ஓர் உண்மை புலப்படும். அன்பு ஓரிடத்தும் பொருள் வேறோரிடத்துமாக இருத்தலே நம் முன்னோர் பட்ட துயர்களுள் தலையாயது. அத்துயர் இன்றும் தீர்ந்தபாடில்லை.

கடல் கடந்து செல்லும் செலவு மகளிரோடு கூடி நிகழ்வதில்லை என்பது தொல்காப்பியர் கூறும் மரபு. அவ்விதியை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் ஆசிரியர் நாவு சற்றே தயங்குகின்றது. மட்டக்களப்பு வாவியின் மேலைக் கரையாகிய படுவான்கரையிலும், கீழைக் கரையாகிய எழுவான்கரையிலும் எத்தனையோ இல்லங்களில் இன்று கடல் கடந்து செல்பவள் மனைவியே. அவள் அராபிய நாடொன்றில் பிறர் பிள்ளையைத் தாலாட்டுகின்றாள். அவள் பிள்ளையைப் பாட்டி தாலாட்டுகின்றாள். நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிந்து இலங்கையை விட்டுச் சென்றோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பாலைக்கு நிலம் இல்லை என்பர் இலக்கணிகள். இன்று பாலையின் நிலம் நம் வீட்டு முற்றமே.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. நாம் பொருளைத் தேடிச் செல்லாமல், பொருள் தரும் தொழில் நாம் இருக்கும் ஊருக்கே வந்து சேருமாயின் என் செய்வோம்? அஃது இயலுமா? இயலுமென்றே உலகின் சில சிற்றூர்கள் காட்டியுள்ளன. தலைநகரத்துத் தொழிலைக் கணினி வழியாகச் செய்துகொண்டு, மலைநாட்டுச் சிற்றூரில் குடியிருப்போர் இன்று பலர். அச்சிற்றூர்கள் அவ்வழியால் வாழ்ந்தனவா, அன்றி வெறும் தங்குமிடங்களாய் ஒழிந்தனவா என்பதே நாம் ஆராயத்தக்கது.

மயங்கலாவதும் மயங்கலாகாததும்

ஆராய்ச்சிக்குமுன் இலக்கணத்தை ஒருமுறை நோக்குவாம். தொல்காப்பியர் உலகியலை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். இவற்றுள் தொழில் கருப்பொருளாக வைக்கப்பட்டமை நினைவில் இருத்தற்பாலது. மருதத்துக்கு உழவு, நெய்தலுக்கு மீனும் உப்பும், முல்லைக்கு ஆநிரை, குறிஞ்சிக்குத் தேனும் தினையும் என, நிலம் எதுவோ அதுவே தொழிலைத் தந்தது. மரம் மண்ணில் முளைப்பதுபோலத் தொழிலும் மண்ணில் முளைத்தது.

இன்றோ தொழில் மண்ணில் முளைப்பதில்லை. கம்பியின் வழியே வந்திறங்குகின்றது. குறிஞ்சியில் இருப்பவன் நகரத்துக் கணக்கை எழுதுகின்றான். நெய்தலில் இருப்பவள் வேற்று நாட்டு வணிகனுக்குப் படம் வரைந்து அனுப்புகின்றாள். இது மரபழிவு அன்றோ என்று ஐயுறுவார்க்கு ஆசிரியர் முன்னரே விடை கூறிவைத்தார். உரிப்பொருள் ஒழிந்த ஏனையவை தம்முள் மயங்கவும் பெறும் என்பது அவர் வகுத்த விதி. ஆகவே தொழில் மயங்கலாம். மயங்கலாகாதது ஒழுக்கம். திணை என்னும் சொல்லுக்கு முதற்கண் ஒழுக்கம் என்றே பொருள் கூறுவர் சான்றோர்.

வேற்று நிலத்துத் தொழில் நம் நிலத்துக்கு வரும்பொழுது அந்நிலத்து ஒழுக்கம் நிலைபெறுமா? இதுவே உரைகல். இவ்வுரைகல்லைக் கையிற் கொண்டு மூன்று ஊர்களுக்குச் செல்வாம்.

தெய்வமலை

முதலாவது ஊர் யப்பானில் உள்ளது. அந்நாட்டின் பெருந்தீவுகள் நான்கனுள் சிறியது சிக்கோக்கு. அதன் கீழ்ப்பால் தொக்குசிமா மாகாணத்து மலைகளின் நடுவே காமியாமா என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவர் மொழியில் காமி என்றால் தெய்வம், யாமா என்றால் மலை. அப்பெயர்க்கேற்பச் சிக்கோக்குத் தீவைச் சுற்றி யாத்திரிகர் வலம்வரும் 88 கோயில்களுள் பன்னிரண்டாவது இவ்வூர் மலைமேல் உள்ளது. எலுமிச்சையினும் சிறிய, பச்சை நிறமுள்ள சுதாச்சி என்னும் புளிப்புக் கனி இவ்வூரின் புகழ்பெற்ற விளைபொருள்.

ஐந்து கிராமங்கள் இணைந்து 1955இல் காமியாமா என ஓர் ஊரானபோது அங்கே ஏறத்தாழ 21,000 மக்கள் இருந்தனர். இன்று இருப்போர் ஏறத்தாழ 5,000. மலைமரத்துக்கு விலை வீழ்ந்தது, இளையோர் ஒசாக்காவுக்கும் தோக்கியோவுக்கும் சென்றனர், வீடுகள் பூட்டப்பட்டன. இது காமியாமாவுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி யப்பான் முழுவதும் ஆளில்லா வீடுகள் ஏறத்தாழ 90 இலட்சம். அந்நாட்டு ஊராட்சிகளுள் 896 காலப்போக்கில் மறைந்தொழியக்கூடும் என்று 2014இல் வெளிவந்த அறிக்கையொன்று எச்சரித்தது. காமியாமாவும் அப்பட்டியலில் இருந்தது.

இவ்வூர் மறையாது நின்ற கதை ஒரு பொம்மையில் தொடங்குகின்றது. 1927இல் அமெரிக்கப் பிள்ளைகள் நட்பின் அடையாளமாக 12,000க்கு மேற்பட்ட பொம்மைகளை யப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினர். பின்னர் போர் மூண்டபோது அவை பகைவர் பொம்மைகள் எனப்பட்டுப் பெரும்பாலும் எரிக்கப்பட்டன. காமியாமாவின் பள்ளியொன்றில் இருந்த அலிசு என்னும் பொம்மையை ஆசிரியை ஒருவர் மறைத்துவைத்துக் காத்தார். அமெரிக்காவில் உயர்கல்வி கற்று ஊர் திரும்பியிருந்த ஒமினாமி சின்யா என்பாரும் நண்பர்களும் அப்பொம்மை புறப்பட்ட ஊரைத் தேடிக் கண்டு, 1991இல் ஊரவர் குழுவாகச் சென்று அதனைத் தாயகம் காட்டி வந்தனர். பொருள் வருவாய் ஒன்றுமில்லாத இச்செயலே பிற்காலத்து எல்லாவற்றிற்கும் வித்தாயிற்று. வெளியூராரோடு பழகுதற்கு அவ்வூர் அன்று கற்றுக்கொண்டது.

1999 முதல் ஆண்டுதோறும் ஓவியரையும் சிற்பிகளையும் அழைத்துச் சில மாதம் ஊரில் தங்கிப் படைக்கச் செய்தனர். விருந்தினர்க்குச் சோறிட்டோரும், மரம் வெட்டிக் கொடுத்தோரும், வழிகாட்டியோரும் ஊரின் முதியவர்களே. 2004இல் இம்முயற்சிக்கெனக் 'கிரீன் வலி' என்னும் அமைப்பொன்றை நிறுவினர். பின்னர், பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு ஆள் தேடலாயினர். இவ்விடத்து அவர் செய்த சூழ்ச்சி நயமானது. யாரேனும் வருக என்று அவர் அழைக்கவில்லை. இவ்வீட்டுக்கு வெதுப்பகம் நடத்துவார் ஒருவர் வேண்டும், இவ்வீட்டுக்கு வடிவமைப்பாளர் ஒருவர் வேண்டும் என்று, ஊருக்கு வேண்டிய தொழிலைக் குறித்து அதற்கு உரியவரை அழைத்தனர்.

இதற்கிடையே கம்பி வந்து சேர்ந்தது. அது வந்ததும் வேறொரு காரணத்தால் ஆகும். பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை யப்பான் 2011இல் கைவிடத் திட்டமிட்டது. கடலுக்கப்பாலுள்ள ஒசாக்கா நிலையங்களைப் பார்த்துப் பழகிய தொக்குசிமா மக்களுக்குப் புதிய முறையில் அவை எட்டா என்றறிந்த மாகாண அரசு, மலையூர்கள் வரைக்கும் ஒளியிழைக் கம்பியைக் கொண்டு சென்றது. தொலைக்காட்சிக்கெனப் போட்ட கம்பியில் தொழிலும் வந்தது. பெயரட்டைகளைக் கணினியில் பதிந்து பேணும் 'சான்சன்' என்னும் தோக்கியோ நிறுவனம் 2010இல் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பெற்றுத் தன் கிளையலுவலகம் ஒன்றை அங்கே திறந்தது. பிற நிறுவனங்கள் தொடர்ந்தன. நகரத்தில் நெரிசல் இரயிலில் நின்று சென்றவர், இங்கே ஆற்றொலி கேட்டபடி அதே வேலையைச் செய்யலாயினர். 2011இல், ஊர் தோன்றிய காலந்தொட்டு முதன்முறையாக, வெளியேறியோரினும் வந்து குடியேறியோர் தொகை சற்று மிகுந்தது.

இதனைக் கேட்டு, எல்லாம் நலமாய் முடிந்தது என்று கருதற்க. பிறப்பினும் இறப்பு மிகுந்த முதிய ஊர் அது. மக்கள்தொகை இன்னும் குறைந்தே வருகின்றது. ஒமினாமியாரும் அதனை மறைத்ததில்லை. தொகை குறைவதைத் தடுக்க இயலாது. குறைந்த தொகையினருள் இளையோரும் தொழில் கற்றோரும் இருக்கச் செய்வதே இயலக்கூடியது என்பதே அவர் கொள்கை. அதன் முதிர்ந்த கனியாக 2023 ஏப்பிரிலில் அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி திறக்கப்பட்டது. சான்சன் நிறுவனத்தின் தலைவர் முன்னின்று தொடங்கிய இக்கல்லூரியில் ஆண்டுக்கு 40 மாணவர், பதினைந்து வயதிற் சேர்ந்து ஐந்தாண்டு தங்கிப் பயில்வர். தங்கிப்போக வந்த தொழில் ஊருக்குப் பள்ளியை ஈந்தது.

அவ்வூரில் 2013இல் திறந்த அலுவலகம் ஒன்றின் பெயர் நம் உள்ளத்தைக் கவர்வது. அதன் பெயர் 'எங்காவா'. யப்பானிய வீட்டின் புறத்தே, சுவருக்கும் முற்றத்துக்கும் இடையே ஓடும் மரத்தளத்திற்கு அப்பெயர் வழங்கும். வீட்டுக்காரர் உள்ளிருந்து வந்து அமர்வர். அயலார் செருப்பைக் கழற்றாமலே வந்து விளிம்பில் அமர்ந்து தேநீர் அருந்துவர். பழைய வீடொன்றைத் திருத்தி, சுற்றிலும் அகன்ற எங்காவா அமைத்து, ஊரார் வந்து அமர்க என்று அந்நிறுவனத்தார் விட்டனர். தமிழில் இதனைச் சொல்ல வேறு சொல் வேண்டுவதில்லை. அது நம் திண்ணையே!

திணையும் திண்ணையும் ஓசையால் அணுகிய இரு சொற்கள், பொருளால் வேறானவை. ஆயினும் இக்காலத்து ஒன்றற்கு மற்றொன்று துணையாய் நிற்கின்றது. தொழிலை மண் தந்த காலத்தில், வயலிலும் வலையிலும் ஊரார் ஒருவரையொருவர் இயல்பாகவே கண்டனர். தொழிலைக் கம்பி தரும் காலத்தில் ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு, அயல்வீட்டார் பெயரறியாமலே ஆண்டுகள் வாழ்ந்துவிடலாம். அப்பொழுது அவர் இருக்கும் ஊர் ஊரன்று; வெறும் இயற்கைக் காட்சி. அக்கதவைத் திறந்து வைப்பது திண்ணை.

பொதிகைச் சாரலில்

இரண்டாவது ஊர் நம் தமிழகத்தது. தென்காசியை அடுத்து, குற்றாலத்துச் சாரல் வீசும் மத்தளம்பாறை. 1996இல் தோன்றி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மென்பொருள் நிறுவனம் இன்று 'சோகோ' என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றது. அந்நிறுவனம் 2011இல் தென்காசிப் பகுதியில் ஓர் அலுவலகம் தொடங்கியது. நகரத்தார் செய்து முடித்தவற்றின் எச்சிற்பணி அங்கே தரப்படவில்லை. வாடிக்கையாளர் குறைகேட்கும் பணிக்கான 'சோகோ டெஸ்க்' என்னும் முழுமையான மென்பொருளே அங்கே உருவாயிற்று. நிறுவனரான சிறீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவை விட்டு அவ்வூர்ப் பக்கமே வந்து குடியேறினார். அவ்வாண்டிலேதான் தென்காசி திருநெல்வேலியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2021இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டியது, பெருஞ்செல்வர் ஒருவர் சிற்றூரில் வேட்டியணிந்து மிதிவண்டியில் செல்லும் படமன்று. செய்தித்தாள்கள் அப்படத்தையே பெரிதும் போற்றின. உண்மையான செய்தி இரண்டு. ஒன்று, பட்டம் பெறாத இளைஞரைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவிப்பணமும் தந்து, இரண்டாண்டு பயிற்றித் தொழில் கொடுக்கும் பயிலகம் ஒன்றை அந்நிறுவனம் இருபதாண்டுகளாக நடத்தி வருகின்றது. மற்றொன்று, 2020இல் பெருநோய்க் காலத்தில் பள்ளிகள் அடைபட்டபோது, ஊர்ப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிவைத்து வேம்பு பாடஞ் சொல்லத் தொடங்கினார். அது கட்டணமில்லாப் பள்ளியாக வளர்ந்தது. பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வழியிலேயே அதுவும் பிறந்தது.

காமியாமாவில் ஊரார் திண்ணை அமைத்துத் தொழிலை அழைத்தனர். மத்தளம்பாறையில் தொழில் வந்து திண்ணை அமைத்தது. வழி மாறினும் முடிவு ஒன்றே. வந்தவர் கையில் இருந்த வித்தை ஊர்ப் பிள்ளையின் கைக்கு மாறிய இடத்திலேதான் ஊர் வாழ்ந்தது. ஒரு வேற்றுமையையும் கூறுதல் வேண்டும். ஊரார் பலர் கூடி எழுப்பிய திண்ணைக்குத் தூண்கள் பல. ஒருவர் எழுப்பியதற்குத் தூண் ஒன்று. அத்தூண் உறுதியானதே. ஆயினும் பல தூண்களே நெடுங்காலம் தாங்கும்.

இமயத்தில் ஒரு காரைதீவார்

கம்பி வந்தபின்னரே இவையெல்லாம் இயன்றன என்று கருதுவாரும் உளர். அவர்க்குக் காட்டத்தக்க சான்று நாவற்குடாவுக்கு அணித்தே, கல்லடி உப்போடையில், ஒரு சமாதியாய் இருக்கின்றது.

மூன்றாவது ஊர் மாயாவதி. இமயச் சாரலில், கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 6,400 அடி உயரத்தில், தேவதாரு மரங்களின் நடுவே உள்ளதொரு தனியிடம். சேவியர் என்னும் ஆங்கிலத் தம்பதியர் விவேகாநந்த அடிகளின் கருத்தை நிறைவேற்றுவான் வேண்டி 1899இல் அங்கே அத்துவைத ஆச்சிரமத்தை நிறுவினர். அவ்விடத்திலிருந்து ஓர் ஆங்கிலத் திங்களிதழை நடத்தத் துணிந்தனர். 'பிரபுத்த பாரதம்' என்பது அதன் பெயர். அவ்விதழின் பிறப்போ தமிழ்நாட்டிலே. 1896 யூலையில் சென்னையில் அது தோன்றியபோது அதன் ஆசிரியர் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய வத்தலக்குண்டு இராஜம் ஐயர். அவர் 1898இல் இருபத்தாறு வயதிலேயே மறைந்தார். தாயிழந்த பிள்ளைபோல் நின்ற இதழ் அல்மோராவுக்கும், பின் மாயாவதிக்கும் சென்றது. கையால் இயக்கும் அச்சுப்பொறி ஒன்று மலையேறிச் சென்றது. விவேகாநந்த அடிகளே 1901 சனவரியில் பனியினூடே நாட்கள் சில பயணஞ்செய்துதான் அவ்விடத்தை அடைந்தார். அத்தகைய இடத்திலிருந்து திங்கள் தவறாமல் ஓர் இதழ் உலகெங்கும் சென்றது!

நாற்பதாண்டு கழிந்தபின், 1939இல், அவ்விதழின் பொறுப்பேற்க மாயாவதிக்குச் சென்றவர் மட்டக்களப்புக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். 1940, 1941ஆம் ஆண்டுகளில் அவரே அதன் ஆசிரியர். அக்காலத்தில் அச்சிடும் இடம் கல்கத்தாவாகிவிட்டது. ஆசிரியர் இருக்கை மலைமேல். கட்டுரைகள் அஞ்சலில் மலையேறி வரும். திருத்தப்பெற்று அஞ்சலில் மலையிறங்கும். இன்று நாம் தொலைவிலிருந்து பணியாற்றல் என்று புதுமையாய்ப் பேசும் யாவும் இதனுள் அடங்கும். கம்பிக்குப் பதில் தபாற்காரன் கால்கள், வேற்றுமை அவ்வளவே.

தனிமை அவர் ஆராய்ச்சியைக் குறைத்ததில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். இவ்விரு பதவிகளுக்கும் இடையே, ஊர்கள் பல மாறியும், ஒரே பொருளைப் பல்லாண்டு விடாது பற்றி நின்றார். அப்பொருள் யாழ். அப்பெரும்பணி 'யாழ்நூல்' என முற்றி 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களில் அடிகள் மறைந்தார். யாழும் கருப்பொருள்களுள் ஒன்று என்பதை மேலே கண்டோம். நெய்தல் நிலத்திற் பிறந்தவர் நெஞ்சில் அது குறிஞ்சிக்கும் உடன் சென்றது. கல்லடி வாவியின் மீனிசை குறித்து அவர் யாழ்நூலில் பாடிவைத்ததை அறிந்தோர், நிலம் மாறியும் உரி மாறாமை என்பது யாதென அறிவர்.

மாயாவதியிலும் திண்ணை உண்டோ எனின், உண்டு. இதழ் நடத்தச் சென்ற துறவியர், தம் கதவருகே மருந்தின்றி வாடிய மலைமக்களைக் கண்டு 1903இல் மருந்துச்சாலை ஒன்று தொடங்கினர். அது மருத்துவமனையாய் வளர்ந்து இன்றும் கட்டணமின்றிப் பணிபுரிகின்றது. கணவர் 1900இலேயே இறந்தபின்னும் சேவியர் அம்மையார் பல்லாண்டு அங்கே தங்கியிருந்தார். மலைமக்கள் அவரைத் தாயாகவே போற்றினர். உலகத்துக்கென இதழ் எழுதினோர் அயலானுக்கு மருந்து கொடுத்தனர். ஆதலின் அவ்விடம் நூற்றிருபதாண்டு கடந்தும் நிலைபெற்றுள்ளது.

பாயோடு ஒட்டும் நாடு

இனி நம் நாட்டுக்கு வருவாம். தொழில் வந்து சேர நம் வாவிக்கரை ஆயத்தமாய் உள்ளதா?

உள்ளவற்றை முதலிற் கூறுவாம். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும், 2009 வரை நீடித்த போரையும் கடந்துவந்த மண் இது. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறந்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. அடிகள் பெயரால் இசையும் நடனமும் பயிற்றும் நிறுவகம் கல்லடியில் உண்டு. கைபேசியின் அலை பெரும்பாலான ஊர்களை எட்டுகின்றது.

எல்லாவற்றினும் மேலான செல்வம் ஒன்றுண்டு. மட்டக்களப்புக்குச் சென்றவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பது வடக்கே வழங்கிய பழமொழி. மந்திரத்தால் மயக்குவர் என்னும் குத்தல் அதனுள் உண்டு. குத்தலை நீக்கி நோக்கினால் எஞ்சுவது பெரும் புகழ். வந்தவரை உள்ளே அழைத்து அமர்த்தி, உறவு முறை கூறி, தயிரும் தேனும் இட்டு, இனி இது உன் ஊர் என்று சொல்லும் நாடு இது. பெண்வழிக் குடிமுறையும் இதற்கே துணை. வீடு மகளுக்கு, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்பவன். வெளியூரானை வீட்டுக்காரன் ஆக்கும் வழக்கம் நம் குடும்ப அமைப்பிலேயே இருக்கின்றது. காமியாமா இருபதாண்டு முயன்று கற்றுக்கொண்ட வித்தை நமக்குப் பிறப்புரிமை.

இல்லாதவற்றையும் மறையாது கூறுவாம். கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் கணக்கிற் சிறந்த மாணவர் உளர். அவர்க்கு மொழியும் கருவியும் இல்லை. எழுத்துப் பிழையின்றி ஆங்கிலத்தில் ஒரு மடல் வரைய அஞ்சுகின்றனர். ஆங்கிலத்தை விடுக, தமிழிலும் ஒரு செய்தியை ஒழுங்குபட உரைக்கும் பயிற்சி குறைந்து வருகின்றது. தொலைவிலிருந்து செய்யும் தொழிலில் முகம் பேசாது, எழுத்தே பேசும். தெளிவாய் எழுதத் தெரியாதவனுக்குக் கம்பி இருந்தும் பயனில்லை. இலக்கணம் சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோர்க்கு இன்று துணிந்து விடை கூறலாம். தெளிந்த எழுத்து சோறு போடும். பிள்ளையை வீட்டிலிருக்க வைத்தே போடும்.

அநுராதபுர மாவட்டத்துக் காட்டோரத்தில் மகாவிலச்சிய என்றொரு வேளாண் கிராமம் உண்டு. ஆங்கில ஆசிரியர் ஒருவர் 1998 முதல் அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் பயிற்றினார். சில ஆண்டுகளில், கொழும்பு நிறுவனங்களின் தரவுப் பணிகளை அக்கிராமத்து இளைஞர் தம் ஊரிலிருந்தே செய்யலாயினர். அங்கே முதலில் வந்தது நிறுவனமன்று, ஆசிரியர். இந்நாட்டிலேயே, நம்மை ஒத்த வயற்காட்டு ஊரிலேயே நிகழ்ந்ததாதலின், இதனை எட்டாக்கனி என்று நாம் சொல்லுதற்கில்லை.

அச்சம் ஒன்றும் உண்டு, அதுவும் நியாயமானதே. அயல்நாட்டார் கணினியோடு வந்து கடற்கரையில் தங்குவதே வளர்ச்சி என்று சிலர் எண்ணுகின்றனர். யப்பானும் 2024இல் அத்தகையோர்க்கெனத் தனி நுழைவுரிமை வகுத்தது. ஆண்டு வருவாய் ஒரு கோடி யென் இருத்தல் வேண்டும். ஆறு திங்களே தங்கலாம். இவர் வரட்டும், உண்ணட்டும், மகிழ்ந்து செல்லட்டும். ஆயின் இவர் விருந்தினர். விருந்தினரை நம்பி ஊர் வாழாது. அவர்க்கெனக் காணி விலை ஏறி, மீனவன் தன் கரையை இழப்பானாயின், அவ்வளர்ச்சி நமக்கு வேண்டுவதன்று. ஊர் தேடவேண்டியவர், வித்தையை விட்டுச் செல்வார். அதனினும் மேலாக, வித்தையோடு திரும்பிவரும் நம் பிள்ளைகள்.

ஆதலின் செய்யத்தக்கவை மூன்று. பெரும்பணம் எதற்கும் வேண்டுவதில்லை.

முதலாவது, ஊர்தோறும் ஒரு திண்ணை. பள்ளிக் கணினியறை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் பூட்டியே கிடக்கின்றது. கோயில் மண்டபம் திருவிழா ஒழிந்த நாட்களில் வெறுமையாய் உள்ளது. நூலகம் மாலையில் அடைபடுகின்றது. இவற்றுள் ஒன்றைத் திறந்து, மின்சாரமும் இணையமும் மேசையும் தந்து, தொலைவிற் பணிபுரியும் இளைஞர் அங்கே வந்து செய்க என்று விடுதல் கூடும். தனியறையில் ஒடுங்கியிருக்கும் பெண்பிள்ளைக்கு அது காவலும் ஆகும், துணையும் ஆகும். அருகிருந்து காணும் சிறுவனுக்கு அதுவே முதற் பாடசாலை.

இரண்டாவது, பெயர் குறித்து அழைத்தல். இலண்டனிலும் தொரொன்ரோவிலும் தொழில் கற்ற நம்மவர் ஆயிரவர். ஊருக்கு ஏதேனும் செய்க என்று பொதுவாய்க் கேட்டால் கோபுரத்துக்குப் பணம் வரும். எங்கள் ஊருக்குக் கணக்கியல் அறிந்த ஒருவர் ஆறு திங்கள் வேண்டும், உங்கள் வேலையை இங்கிருந்தே செய்யுங்கள், மாலையில் ஒரு மணி நேரம் எங்கள் பிள்ளைகளோடு இருங்கள், வீடும் சோறும் எங்கள் பொறுப்பு என்று கேட்டால், ஆள் வருவார். காமியாமாவின் நயம் இதுவே.

மூன்றாவது, ஆசிரியராகிய நம் கடன். கட்டுரை எழுதுதல், கடிதம் வரைதல், படித்ததைச் சுருக்கிச் சொல்லுதல், கேட்டதைப் பிழையின்றிக் குறித்தல் என்னும் பழைய பயிற்சிகளைப் பரீட்சைக்கென்று மாத்திரம் நடத்தாது, வாழ்வுக்கென்று நடத்துதல். தமிழில் தெளிந்தவனுக்கு ஆங்கிலத் தெளிவு தொலைவன்று.

இம்மூன்றும் செய்தபின்னும் எல்லாரும் ஊரிலேயே இருந்துவிடுவர் என்று யாம் கூறவில்லை. ஓதற்குச் செல்வோர் செல்லட்டும். உலகம் காண்போர் காணட்டும். பிரிவு தமிழர்க்குப் புதிதன்று. ஆயின் விரும்பிப் பிரிதல் வேறு, வேறு வழியின்றிப் பிரிதல் வேறு. முன்னது பயணம், பின்னது பாலை. நூறு இல்லங்களுள் பத்து இல்லங்களிலேனும் ஒரு தாய் தன் பிள்ளையைத் தானே தாலாட்டியபடி தன் பொருளைத் தானே தேடுவாளாயின், அதுவே பெரும்பேறு. கம்பி வந்துவிட்டது. ஊர்தோறும் திண்ணை எழுப்புதல் நம் கையில் இருக்கின்றது.